ஒழுகும் கூரை, ஏறும் வட்டி

வீடு கட்டக் கடன் கொடுக்க வங்கிகள் வாசல்வரை வருகின்றன. கட்டிய வீடு ஒழுகத் தொடங்கினால் யாரிடம் போவது? கழக்கூட்டத்தை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

2023 அக்டோபர் 14 இரவு திருவனந்தபுரத்தில் பெய்த மழை விடியும்வரை விடவில்லை. மறுநாள் காலையில் கழக்கூட்டத்தில் தெற்றியாறு கரை தாண்டியிருந்தது. டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள வீடுகளிலும் விடுதிகளிலும் தண்ணீர் புகுந்தது. துணை மின்நிலையத்துக்குள்ளும் ஏறியது. தரைத்தளத்தில் சிக்கிக்கொண்டவர்களைத் தீயணைப்புப் படையினர் வெளியே கொண்டுவந்தார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் வீட்டுக்காரர்களின் கணக்கு ஆரம்பித்தது. மூழ்கிய மோட்டார், ஊதிப்போய்ச் சாத்த முடியாத கதவு, ஈரம் இறங்கிய சுவிட்ச் போர்டு, காரை உப்பிய சுவர் என்று ஒவ்வொரு செலவாக வந்து நின்றது. கொரோனா காலத்தில் ஏறிய கடனையே அடைத்து முடிக்காத வீடுகள் பல. அந்தக் கடனின் மேல் இந்தச் செலவும் ஏறியது.

கை வறண்ட காலத்தில் வீடு பழுதானால் குடும்பம் இரண்டு பக்கமும் நசுங்குகிறது. பழுதைத் தள்ளிப்போட்டால் செலவு வளர்கிறது. கடன் வாங்கிச் செய்தால் வட்டி வளர்கிறது. இதை அந்தந்தக் குடும்பத்தின் தலையெழுத்து என்றோ திட்டமிடாத குற்றம் என்றோ சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் கடன் முறையில் வீடு கட்ட மலிவான பணம் கிடைக்கிறது. கட்டிய வீட்டைக் காப்பாற்ற விலை உயர்ந்த பணம்தான் கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் கந்துவட்டி நுழைகிறது.

மாடி கட்டிய கடன்

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரப் பயணத்தில் கழக்கூட்டம் வந்துவிடும். 1990-இல் இங்கே டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. தனி ஊராட்சியாக இருந்த ஊர் 2010-இல் திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்தது. கேரளத்தின் வடக்கிலிருந்தும் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்தார்கள். தங்க இடம் வேண்டியிருந்தது. பழைய ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாயின. ஒற்றை மாடி வீடுகள் இரட்டை மாடியாயின. மேலே நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற கணக்கில் பலர் கடன் வாங்கிக் கட்டினார்கள். அது தவறான கணக்கும் இல்லை. பல ஆண்டுகள் அது சரியாகவே ஓடியது.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது. மென்பொருள் நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை என்று அறிவித்தன. பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். விடுதிகளும் வாடகை அறைகளும் காலியாயின. மெஸ் நடத்தியவர், ஆட்டோ ஓட்டியவர், தேநீர்க் கடை வைத்திருந்தவர் எல்லாருடைய வருமானமும் ஒன்றாக விழுந்தது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 2.7 கிலோமீட்டர் நீள மேம்பாலப் பணியும் அதே காலத்தில் நடந்தது. பாலம் 2022-இன் இறுதியில்தான் திறக்கப்பட்டது. அதுவரை சாலையோரக் கடைகளுக்கு அதுவும் ஒரு அடி.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணை ஒத்திவைப்புக்கு அனுமதி தந்து, பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. மூச்சுவிட இடம் கிடைத்தது உண்மை. ஆனால் வட்டி நிற்கவில்லை. 8 சதவீத வட்டியில் 20 லட்சம் ரூபாய் கடன் பாக்கி இருந்தவருக்கு ஆறு மாதத்தில் ஏறத்தாழ 80,000 ரூபாய் வட்டி சேர்ந்தது. வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அசலுக்கான வட்டி மட்டும் அப்படியே கடனில் ஏறி உட்கார்ந்தது.

அறைகள் மெல்ல நிரம்பத் தொடங்கியபோது வட்டி விகிதம் ஏறியது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம்; 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாயிற்று. 20 ஆண்டுக்கான 20 லட்சம் ரூபாய் கடனுக்கு 7 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாய், 9.5 சதவீதத்தில் 18,600 ரூபாய். மாதம் 3,100 ரூபாய் கூடுதல். வீட்டைப் பராமரிக்க எடுத்துவைத்திருக்க வேண்டிய பணம் இதுதான்.

கூரையில் தெரியும் கம்பி

கடல் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர் இது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டுக்கு இரண்டு முறை நனைகிறது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்குத்தான் முதல் ஆபத்து. துரு பிடித்த இரும்பு, பழைய பருமனைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். உள்ளே இடம் கிடையாது. எனவே கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கூரையின் அடியில் முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு பெயர்ந்து விழும் துண்டு, கடைசியில் கம்பி.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்பதில்தான் கூரையின் ஆயுள் இருக்கிறது. கடற்கரைச் சூழலுக்கு நேராக வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 தர விதி. பணம் போதாமல் அவசரமாகக் கட்டிய மாடியில் அந்த அளவை யாரும் நின்று அளந்து பார்ப்பதில்லை. கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் பலகைமேலேயே கிடத்திக் கான்கிரீட் ஊற்றிய வீடுகளில் விரிசல் சீக்கிரமே வந்துவிடுகிறது.

அனுபவமுள்ள கொத்தனார் வந்தால் கூரையின் அடியில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பார். திடமான இடத்தில் கணீரென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடத்தில் சத்தம் பொத்தென்று அடங்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுவார். வட்டம் நாலைந்தோடு நின்றால் சில ஆயிரங்களில் வேலை முடியும். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் கணக்கு லட்சத்துக்குப் போகும். இந்த இரண்டு நிலைக்கும் இடையில் சில மழைக்காலங்கள்தான் இருக்கும். கடன் பாக்கியால் தள்ளிப்போடும் வீட்டில் கழிவது அந்தக் காலம்தான்.

சரியான பழுதுக்கு ஒரு முறை உண்டு. விட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம்வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கித் துருத் தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். அதன் பிறகே பாலிமர் கலந்த சாந்து. மேலே தண்ணீர் தேங்குவதை நிறுத்தாமல் கீழே மட்டும் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் அந்தப் பணம் அடுத்த மழையோடு போய்விடும்.

கூலியும் கூடுதல்தான். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரப்படி 2022-23-இல் ஊரகக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852 ரூபாய்; தமிழ்நாட்டில் 500; நாட்டின் சராசரி 393. நம் ஊர்க் கொத்தனார்கள் எல்லை தாண்டி வேலைக்குப் போவது இதனால்தான். அது நியாயமான கூலி. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, அதுவும் ஒழுகும். ஆனால் பழுதுபார்ப்பில் பொருளைவிட ஆள் வேலையே மிகுதி என்பதால் வீட்டுக்காரருக்குச் செலவு கனக்கிறது. சிமென்ட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. ஓரளவுக்கு அது உதவும்.

இரண்டு லட்சத்துக்கு மூன்று விலை

கூரைப் பழுதுக்கு இரண்டு லட்சம் ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பவருக்கு அதே வங்கி டாப்-அப் கடன் தரும். 9.5 சதவீதத்தில் ஐந்து ஆண்டுக்கு மாதம் 4,200 ரூபாய். மொத்த வட்டி 52,000. அந்த வசதி இல்லாமல் தனிநபர் கடன் 16 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 4,864 ரூபாய். வட்டி ஏறத்தாழ 92,000. இரண்டும் கிடைக்காதவர் 'பத்து வட்டி'க்கு வாங்கினால், அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்றால், மாதா மாதம் 20,000 ரூபாய் வட்டியாக மட்டுமே போகும். ஒரு வருடத்தில் 2,40,000 கட்டிய பிறகும் அசல் இரண்டு லட்சம் அப்படியே நிற்கும்.

கூரை ஒன்றுதான், வேலை ஒன்றுதான். யாருக்கு வருமானம் நிலையாக இருக்கிறதோ அவருக்கு மலிவு. யாருக்கு இல்லையோ அவருக்கு விலை. பத்திரம் ஏற்கெனவே அடமானத்தில் இருப்பவர், தவணை தவறிக் கடன் மதிப்பெண் குறைந்தவர், சம்பளச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளி, தாத்தா பெயரிலேயே பத்திரம் இருக்கும் வாரிசுகள் ஆகியோருக்கு வங்கியின் பழுதுபார்ப்புக் கடன் எட்டாது. அவர்கள்தான் வட்டிக்காரரிடம் போகிறார்கள்.

கேரளத்தில் இந்த வட்டிக்கு 'பிளேடு' என்று பெயர். வாரத் தண்டலில் பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். வட்டி விகிதமாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டிலிருந்து போய் இந்தத் தொழில் செய்பவர்களும் அங்கே உண்டு என்பது நமக்குப் பெருமையல்ல. கடன் தொல்லையால் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பமே உயிரை விட்டதை அடுத்து, 2014 மே மாதம் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. அதீத வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லும் கேரளத்தில் 2012-லும் சட்டங்கள் வந்தன. சட்டம் வட்டிக்காரரைத் தண்டிக்கலாம். அவரிடம் போன குடும்பத்துக்கு வேறு கதவைத் திறந்துவிட்டால்தான் பயன் முழுமையாகும்.

முற்றத்துக்கு வந்த கடன்

அப்படி ஒரு கதவைக் கேரளமே திறந்து காட்டியிருக்கிறது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடிப்படை, பத்திலிருந்து இருபது பெண்கள் கொண்ட அயல்கூட்டம். வாரம் ஒருமுறை கூடிச் சிறுசேமிப்பு போடுகிறார்கள்; தேவைப்படுபவருக்கு அதிலிருந்தே கடன். 2018 ஜூனில் பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காட்டில் 'முற்றத்தே முல்லை' என்ற திட்டம் ஆரம்பித்தது. தொடக்கக் கூட்டுறவு வங்கியின் பணம் குடும்பஸ்ரீ வழியாக வீட்டு வாசலுக்கே வந்தது. தொடக்கத்தில் 1,000 முதல் 25,000 ரூபாய் வரை, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, திருப்பிக் கட்ட 52 வாரம். வாரா வாரம் வந்து வசூலிக்கும் வட்டிக்காரரின் முறையையே எடுத்துக்கொண்டு வட்டியை மட்டும் மனித அளவுக்குக் கொண்டுவந்த திட்டம் இது.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. சேதத்தின் அளவைப் பார்த்து வீட்டுக்கு 10,000 ரூபாய் முதல் 4 லட்சம் வரை அரசு நிதி கொடுத்தது. வீட்டுச் சாமான்களை இழந்தவர்களுக்கு அயல்கூட்டங்கள் வழியாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடன் கிடைத்தது. 9 சதவீத வட்டியை அரசே ஏற்றது. பெருந்துயர் வந்தபோது இவ்வளவும் முடிந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதோ ஒரு தெருவில் தனியாக ஒழுகும் கூரைக்கு மட்டும் ஏன் முடியாது?

எதை முதலில் செய்வது

கை நெருக்கடியில் எல்லாப் பழுதையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. உயிருக்கு ஆபத்தானது முதலில்: ஈரமான மின் இணைப்பு, பெயர்ந்து தொங்கும் கூரைத் துண்டு, சாயும் மதில். அடுத்தது தண்ணீர் வரும் வழி: மொட்டை மாடியில் வாட்டம் சரியில்லாத இடம், அடைத்த மழைநீர்க் குழாய், குளியலறைக் குழாய் இணைப்பு. இவற்றில் பாதி வேலை ஏணியும் துடைப்பமும் கொஞ்சம் விரிசல் அடைப்பானும் இருந்தால் முடிந்துவிடும். அதற்குப் பின்னால்தான் கம்பி, காரை. டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், பெயின்ட் எல்லாம் கடன் தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடனுக்கும் இதேபோல ஒரு வரிசை உண்டு. ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டாவிட்டால் எது போகும். வீட்டை அடமானம் வைத்த கடனின் தவணை தவறக் கூடாது. தவறினால் போவது வீடு. மிச்சப் பணம் அதிக வட்டிக் கடனுக்குப் போகட்டும். அதாவது வட்டிக்காரர், பிறகு கிரெடிட் கார்டு. கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நகைக் கடனை வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைப்பவர்கள், மீட்க வழி தெரியவில்லை என்றால் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்பதே நல்லது. மனசு கேட்காது, ஆனால் வட்டியிலேயே நகை கரைவதைவிட அது மேல்.

அடுத்த வருடம் செய்ய வேண்டிய பழுதுக்குச் சீட்டு நல்ல வழி. 1969-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள அரசு தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ. நிறுவனத்தின் சீட்டுகளை நம்பித்தான் அங்கே ஏராளமான குடும்பங்கள் வீட்டு வேலைகளைச் செய்கின்றன. பதிவு பெற்ற சீட்டாக இருக்க வேண்டும். அவசரத்தில் ஆரம்பத்திலேயே தள்ளி எடுத்தால் கழிவு கடுமையாக இருக்கும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அதற்கு வங்கியின் வட்டிச் சான்று வேண்டும்.

தொண்ணூறு நாள்

தவணை தவறியவர்கள் செய்யும் பெரிய தவறு, வங்கியின் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் இருப்பது. வெட்கம்தான் காரணம். ஆனால் காலம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. 90 நாள் தாண்டினால் கடன் வாராக் கடனாகிறது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பிறகு வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் வழி அதற்கு இருக்கிறது. கேரளத்தில் ஜப்தி என்ற சொல்லுக்கே குடும்பங்கள் நடுங்குகின்றன. அந்த 90 நாளுக்குள் போய்த் தவணைக் காலத்தை நீட்டித்தோ கடனை மறுசீரமைத்தோ தரும்படி எழுத்தில் கேட்பவருக்குப் பேச இடம் இருக்கிறது.

நோட்டீஸ் வந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி பதில் சொல்லியாக வேண்டும். கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. லோக் அதாலத்தில் ஒரே தவணையில் தீர்த்துக்கொள்ளப் பேசலாம். கடனைக் கட்ட முடியாமல் போனவரின் ஒரே குடியிருப்பைக் காப்பதற்கென்று 2025-இல் கேரளச் சட்டமன்றம் ஒரு மசோதாவையும் நிறைவேற்றியது.

கடன் வாங்கியவரின் உரிமைகள்

• வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், உறவினர் முன்னால் அவமானப்படுத்துவதும் விதிமீறல்.

• மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது.

• தவணை தவறியதற்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது.

• வட்டி ஏறும்போது தவணைத் தொகையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2025-இல் ரெப்போ விகிதம் 6.5-இலிருந்து 5.25 வரை இறங்கியது. உங்கள் கடனில் அது இறங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

• கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரம் திரும்ப வர வேண்டும்; வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

• வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க: 14448.

• கடன் சுமையால் மனம் உடைந்தால் தனியாக இருக்காதீர்கள். அழைக்க: டெலி மானஸ் 14416. கேரளத்தில் திஷா 1056.

பழுதுக்கும் ஒரு திட்டம்

2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு வயநாட்டில் நடந்ததை மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் இழந்தவர்களின் கணக்கில் அரசு போட்ட நிவாரணப் பணத்திலிருந்தே பழைய கடனின் தவணை பிடிக்கப்பட்டது. கேரள கிராமீண வங்கிக்குக் கடும் கண்டனம் எழுந்த பிறகே அந்தப் பணம் திரும்பி வந்தது. கேரள வங்கி தன் சூரல்மலைக் கிளையில் பாதிக்கப்பட்டவர்களின் கடனைத் தள்ளுபடி செய்தது. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், இரண்டு வங்கிகள். நல்ல வழி இல்லாமல் இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் மனம்தான் வேண்டும்.

அரசுத் திட்டங்களில் பெரும்பாலானவை புது வீட்டுக்குத்தான். கேரளத்தின் லைஃப் திட்டம் வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் தருகிறது. பழுதுக்கென்று இருப்பவை குறிப்பிட்ட பிரிவினருக்கானவை: பட்டியலினக் குடும்பங்கள் வீட்டை முடிக்கவும் மேம்படுத்தவும் 'சேஃப்' திட்டத்தில் 2 லட்சம், சிறுபான்மைச் சமூகத்தில் கணவரை இழந்த, கைவிடப்பட்ட பெண்களின் வீடுகளுக்கு இம்பிச்சிபாவா திட்டத்தில் 50,000. தமிழ்நாட்டில், 2000-2001-க்கு முன் ஊரகத்தில் கட்டப்பட்ட 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. சரியான திசை அது. நகரத்து வீடுகளையும், வங்கிக் கடனில் கட்டிய நடுத்தர வீடுகளையும் அது எட்டவில்லை.

கேட்க வேண்டியது பெரிய தள்ளுபடி அல்ல. கூட்டுறவு வங்கிகளும் மகளிர் குழுக்களும் சேர்ந்து, மூன்று லட்சம் ரூபாய்க்குள், வீட்டுக் கடன் வட்டிக்கு, வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுக்கும் பழுதுபார்ப்புக் கடன். மழைக்கு முன்னால் உள்ளாட்சிப் பொறியாளர் ஒருவர் வந்து கூரையைத் தட்டிப் பார்த்து, எது அவசரம் என்று எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு. ஒரு லட்சத்தில் காப்பாற்றக்கூடிய வீட்டை இடியவிட்டு, பிறகு நாலு லட்சம் கொடுத்துப் புதிதாகக் கட்டித் தருவது எந்தக் கணக்கிலும் சேராது. வார்டு சபையிலும் கிராம சபையிலும் சாலை, விளக்கு, குடிநீர் பற்றிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒழுகும் கூரைகளின் பட்டியலையும் எடுத்துப் போவோம். பழுதுபார்ப்புக் கடன் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்வோம்.